ஆலை மூடினாலும் பாதரசம் போகாது: கொடைக்கானல் ஏரியில் நடந்தது என்ன?

கொடைக்கானல் சுற்றுலா போனவர்கள் அந்த நட்சத்திர வடிவ ஏரியில் படகில் போகாமல் திரும்பியிருக்க மாட்டீர்கள். ஆனால் அதன் அடிச்சேற்றில் பாதரசம் படிந்த கதை தெரியுமா?

எங்கிருந்து வந்தது?

1980-களில் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் ஆலை கொடைக்கானலுக்கு இடம் மாறியது. பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் வசமானது. 2001 மார்ச்சில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் ஊருக்குள் பழைய சாமான் கடையில் கிடந்தது அம்பலமானது. மக்கள் போராடினார்கள்; ஆலை மூடப்பட்டது.

ஏரிக்கு எப்படிப் போனது?

பாதரசம் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். காற்றில் கலந்து, மழையோடு இறங்கி, சேற்றில் தங்கிவிடும். 2006-இல் வெளியான ஆய்வின்படி, ஏரியின் ஒரு லிட்டர் நீரில் 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் குடிநீர் வரம்பு 6,000 நானோகிராம்.

அப்போ பிரச்சனை இல்லையா?

இருக்கிறது. ஆக்சிஜன் குறைந்த சேற்றில் பாக்டீரியாக்கள் பாதரசத்தை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதே ஆய்வில், கொடை ஏரிச் சேற்றிலுள்ள பாதரசத்தில் சுமார் 6 விழுக்காடு இந்த வடிவில் இருந்தது. அருகிலுள்ள கூக்கால் ஏரியில் 2 விழுக்காடுதான். பாசி, சின்ன மீன், பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் இதன் அளவு கூடும். எவ்வளவு கழுவினாலும், கொதிக்க வைத்தாலும் போகாது. கருவில் வளரும் குழந்தையின் மூளைக்குத்தான் அதிக ஆபத்து.

யார் பொறுப்பு?

தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்பதே நிறுவனத்தின் வாதம். ஆனாலும் 2016-இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் அது சமரசம் செய்துகொண்டது. அதற்கு 15 ஆண்டுகள் ஆனது.

நமக்கு என்ன?

2019-இல் பாசீர் கூடாங் கிம் கிம் ஆற்றில் ரசாயனம் கொட்டப்பட்டபோது 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்த விஷம் உடனே மூக்கில் ஏறியது, ஊரே விழித்துக்கொண்டது. பாதரச ஆவிக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அதனால் கிள்ளான் ஆற்றுத் தண்ணீர் தெளிந்துவிட்டது என்று யாராவது சொன்னால், நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது இதுதான்: “சேற்றைச் சோதித்தீர்களா?”