சென்னை ‘விண்டருக்கு’ லண்டன் பெர்ஃப்யூம் எதற்கு?

நவம்பர் பிறந்தால் போதும், ரீல்ஸில் ‘விண்டர் பெர்ஃப்யூம்’ பட்டியல்கள் வரிசை கட்ட ஆரம்பித்துவிடும். வனிலா, ஊத், ஆம்பர், புகையிலை, டோங்கா பீன்... எல்லாமே கெட்டியான, இனிப்பான, கொஞ்சம் புகை படிந்த வாசனைகள். ‘இந்த சீசனுக்கு இது இல்லாம எப்படி பாஸ்?’ என்ற தொனியில் சொல்லப்படும் இவற்றைப் பார்த்து, 10,000 ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு குப்பியை வாங்கிவிடுகிறார்கள் சென்னையிலும் மதுரையிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள். டிசம்பர் மாதம் மதியம் மூன்று மணிக்கு டூவீலரில் சிக்னலில் நிற்கும்போதுதான் விஷயம் புரிகிறது. சட்டைக்குள்ளிருந்து கிளம்புவது குளிர்கால மணம் இல்லை, பாயசம் அடிபிடித்த மணம்!

பட்டியல் போட்டவர் மேல் தப்பில்லை. அது லண்டனுக்கும் பாரிஸுக்கும் நியூயார்க்குக்கும் போட்ட பட்டியல். அங்கே அது சரிதான். ஒரு எழுத்துகூட மாற்றாமல் அதை இங்கே இறக்குவதில்தான் சிக்கல்.

குளிரில் மணம் என்ன ஆகிறது?

வாசனை என்பது ஆவியாகும் பொருள். தோலிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக் காற்றில் ஏறி மூக்கை எட்டினால்தான் மணம். சூடு கூடினால் வேகமாகக் கிளம்பும், குறைந்தால் மெதுவாகக் கிளம்பும். இவ்வளவுதான் அடிப்படை.

ஆரஞ்சுத் தோலை உரிக்கும்போது குப்பென்று வருகிறதே, அதில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். அது சுமார் 176 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். வனிலாவின் உயிரான வனிலின் கொதிக்க ஏறக்குறைய 285 டிகிரி வேண்டும். மூலக்கூறு எடையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை, 136க்கு 152. ஆனால் குணம் நேர் எதிர். லிமோனீன் கொஞ்ச நேரத்தில் பறந்துபோகும். வனிலின் மறுநாள் துவைக்கப் போடும் சட்டையிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். (வெள்ளைச் சட்டைக்காரர்கள் கவனிக்க: வனிலின் காற்றுபட்டு நாளடைவில் பழுப்பாகும். வனிலா அதிகமுள்ள பெர்ஃப்யூமை நேராகச் சட்டையில் அடித்தால் கறை விழ வாய்ப்பு உண்டு.)

வெளியே 5 டிகிரி குளிர், உடம்பில் கம்பளிக் கோட்டு, கழுத்தில் மஃப்ளர் என்றால், எலுமிச்சை வாசனை வந்த சுவடே தெரியாது. அங்கே வனிலா, பிசின், மரம், மசாலா போன்ற கெட்டியான பொருள்களுக்குத்தான் வேலை. குளிர் அவற்றை அடக்கி, சிறிது சிறிதாக வெளியே விடும். கம்பளி அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ‘கதகதப்பான வாசனை’ என்று சொல்வதெல்லாம் இந்த ஏற்பாட்டைத்தான்.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற கனத்த வாசனைகள் பலவும் இந்தச் சூழலில் வளர்ந்தவையே. 1868இல் கூமரினும் 1874இல் வனிலினும் ஆய்வகத்தில் தயாரிக்கப்பட்ட பிறகு, இயற்கைச் சரக்கை மட்டுமே நம்பியிருந்த தொழிலின் போக்கே மாறியது. அந்த இரண்டையும் சேர்த்து கெர்லைன் நிறுவனம் 1889இல் ‘ஜிக்கி’யைக் கொண்டுவந்தது. 1925இல் அதே வீட்டிலிருந்து வந்த ‘ஷாலிமார்’ இன்றும் குளிர்காலப் பட்டியல்களில் இடம் பிடிக்கிறது. பெயர் முகலாயர் தோட்டத்தினுடையது, சரக்கு பாரிஸினுடையது. 1992இல் மியூக்ளரின் ‘ஏஞ்சல்’ வந்தபோது பஞ்சுமிட்டாய் மணம் பெர்ஃப்யூமுக்குள் புகுந்தது. இன்று கடையில் ‘ஸ்வீட்டா ஒண்ணு காட்டுங்க’ என்று கேட்டால் எடுத்து வைக்கும் குப்பிகளில் பாதி அதன் பேரப்பிள்ளைகள்தான்.

சென்னையின் குளிர் எது?

சென்னையில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் விடியற்காலை வெப்பநிலை 20, 22 டிகிரி. மதியம் 29, 30. காற்றில் ஈரமும் குறைவதில்லை. லண்டனில் ஜூலை மாத மதியம் சராசரியாக இதைவிடக் குறைவான சூடுதான் இருக்கும்! அதாவது லண்டன்காரர் ‘கோடைக்கு’ என்று ஒதுக்கி வைத்திருக்கும் குப்பிதான் சென்னையின் மார்கழி மதியத்துக்குப் பொருந்தும்.

இதற்குள் இன்னொரு திருப்பம் இருக்கிறது. ஐ.டி., வங்கி, பி.பி.ஓ. என்று வேலை பார்ப்பவருக்கு மாதம் எதுவானால் என்ன? நாளில் ஒன்பது மணி நேரம் ஏசிக்குள். 2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் நட்சத்திர முத்திரை பெற்ற அறை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. மே மாதமும் அதே 24, டிசம்பரும் அதே 24. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ, அவரைப் பொறுத்து இன்னும் இரண்டு டிகிரி இறங்கலாம். ஆக, தமிழ்நாட்டு அலுவலக ஊழியருக்கு ‘விண்டர்’ என்பது காலண்டரில் இல்லை. அது இருப்பது கட்டடத்துக்குள்.

அதனால் மாதத்தைப் பார்த்து வாசனை வாங்குவதில் அர்த்தம் குறைவு. எந்த நேரத்தில், எந்த இடத்தில் என்று பார்ப்பதே புத்திசாலித்தனம். சென்னையில் மார்கழி அதிகாலைக்கும் இரவு எட்டு மணிக்கு மேலும் சந்தனம், ஏலக்காய், லேசான ஆம்பர் வகைகள் அழகாக உட்காரும். பகலுக்கு வெட்டிவேரும் எலுமிச்சை வகையும் வருடம் முழுக்கப் போதும். பெங்களூரில் ஜனவரி காலை 15, 16 டிகிரிக்கு இறங்குவதால் அங்கே இருப்பவர் ஒரு படி கனமாகப் போகலாம். ஊட்டி, கொடைக்கானல் கதை வேறு. உறைபனி விழும் இரவுகள் அங்கே உண்டு. வனிலாவோ புகையிலையோ, எடுத்துப்போய் தாராளமாக அடித்துக்கொள்ளலாம்.

குருகிராமிலும் நொய்டாவிலும் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு இன்னொரு வழி பக்கத்திலேயே இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் ஊர் அத்தர்கள். செம்புப் பாத்திரத்தில் பூவையோ மூலிகையையோ நீரோடு கொதிக்கவைத்து, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்கும் பழைய முறை அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. 2014இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்த ஊர்க்காரர்களுக்குக் கோடையில் வெட்டிவேர், மல்லிகை, மண்வாசனை அத்தர். குளிருக்கு ‘ஷமாமா’, ‘ஹினா’. ஏராளமான மூலிகைகளையும் மசாலாப் பொருள்களையும் சேர்த்து நாள்கணக்கில் காய்ச்சும் ஷமாமா, டெல்லி ஜனவரிக்கு எந்த வெளிநாட்டு வனிலாவையும்விடப் பொருத்தமானது. ஒரு சொட்டு போதும். விலை மட்டும் ரொம்ப மலிவாகத் தெரிந்தால் சந்தேகப்பட வேண்டும். அசல் சந்தன எண்ணெய் விலைக்கு அது கட்டுப்படியாகாது, அடியில் இருப்பது வேறு ஏதாவது எண்ணெயாக இருக்கும்.

அகில், சாம்பிராணி, பச்சிலை

‘அப்படின்னா ஊத், ஆம்பர் எல்லாம் நமக்கு ஆகாதா?’ என்று கேட்டால், ஆகாது என்று சொன்னால் சங்கப் புலவர்கள் சண்டைக்கு வருவார்கள்.

ஊத் என்று பளபளப்பான பெட்டியில் வருவது வேறொன்றும் இல்லை, அகில்தான். மரத்துக்குள் பூஞ்சை புகுந்து, அதைச் சமாளிக்க மரம் சுரக்கும் பிசின் ஊறி ஊறிக் கருத்த கட்டை. பத்துப்பாட்டில் ஒன்றான நக்கீரரின் நெடுநல்வாடை, ஒரு கூதிர்காலத்து ஊரை அங்குலம் அங்குலமாகக் காட்டுகிறது. மழையும் வாடைக்காற்றும். விசிறிகள் மடக்கித் தொங்கவிடப்பட்டு அவற்றில் சிலந்தி வலை பின்னிவிட்டது. யாரும் குளிர்ந்த நீர் குடிப்பதில்லை, நெருப்புச் சட்டியைச் சுற்றி உட்காருகிறார்கள். சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் கூந்தலில் பூவைக் குறைத்துக்கொண்டு, அகிலோடு வெள்ளை அயிர் சேர்த்துப் புகையிடுகிறார்கள். அயிர் என்பதற்கு உரைகாரர்கள் சொல்லும் பொருள் கண்டசர்க்கரை.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குளிர்ச்சி தரும் சந்தனத்தை ஒதுக்கிவிட்டு, சூடான அகிலுக்கு மாறுவது: இன்றைக்கு ‘சீசனல் ராக் மாத்துறது’ என்று சொல்கிறார்களே, அதேதான். அகிலும் சர்க்கரையும் சேர்ந்து கருகும் மணம் இன்று ‘ஸ்வீட் ஊத்’ என்ற பெயரில் கொழுத்த விலைக்கு விற்கும் சரக்கின் மூதாதை. (வடக்கிலிருந்து வரும் குளிர்க்காற்றுக்கும் மணத்துக்கும் தமிழில் ‘வாடை’ என்ற ஒரே சொல் இருப்பது தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் பொருத்தம்.)

சாம்பிராணியும் அப்படித்தான். எண்ணெய்க் குளியல் முடித்த ஈரத்தலைக்குப் பாட்டிமார் போட்ட புகையின் சரக்கான அந்தப் பிசினை, பெர்ஃப்யூம் தொழிலில் பென்சாயின் என்பார்கள். பட்டியல்களில் வரும் ‘ஆம்பர்’ மணத்தில், லாப்டனம் என்ற இன்னொரு பிசினோடும் வனிலாவோடும் சேர்ந்து உட்கார்ந்திருப்பது இதே சாம்பிராணி. இன்று கடையில் கிடைக்கும் கம்ப்யூட்டர் சாம்பிராணியை வைத்து அதை எடைபோடக் கூடாது, இரண்டும் வேறு.

பச்சௌலிக்குப் பெயரே தமிழ் கொடுத்தது என்று அகராதிகள் சொல்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் காஷ்மீர் சால்வைகளைக் கப்பலேற்றும்போது பூச்சி அரிக்காமலிருக்க இந்த இலையை மடிப்புகளுக்கு இடையே வைத்தார்கள். சால்வையில் இலை மணம் இருந்தால்தான் அசல் என்று ஐரோப்பியச் சீமாட்டிகள் நம்ப ஆரம்பிக்க, போலிச் சால்வை நெய்தவர்களும் இலையை வரவழைத்து மணமேற்றினார்களாம். குளிருக்குப் போர்த்தும் துணியின் மணம் அப்படியே குளிர்கால பெர்ஃப்யூமின் அடித்தளமாக ஆகிவிட்டது.

ஆக, இந்த மணங்கள் எதுவும் தமிழர்களுக்கு அந்நியம் இல்லை. அவை பயன்பட்ட விதம்தான் வேறு. அகிலும் சாம்பிராணியும் புகையாக வந்து, கூந்தலிலும் துணியிலும் தங்கி, பக்கத்தில் வருபவருக்கு மட்டும் லேசாகத் தெரிந்தன. தோலில் எட்டு ஸ்ப்ரே அடித்து லிஃப்ட் முழுக்க நிரப்பும் வழக்கம் புதிது. இந்த ஊர் சூட்டுக்கு அது ஒத்துவராதது.

அடுத்த சீட்டில் இருப்பவர்

பேச்சு ரசனையோடு முடிந்துவிட்டால் நன்றாக இருக்கும். முடிவதில்லை. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றிவிடுகிறது. அதில் ஒருவர் அடித்த கனத்த வனிலா சாயங்காலம் வரை எங்கும் போகாது. டிசம்பரில் ஜன்னல் சாத்திய கேப், நிரம்பி வழியும் சபா அரங்கு, மீட்டிங் ரூம் எல்லாவற்றிலும் இதே கதை. ஆஸ்துமா இருப்பவருக்கும் ஒற்றைத் தலைவலி இருப்பவருக்கும் கடுமையான வாசனை பிரச்சினையைத் தூண்டும் என்பது மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. சளியும் இளைப்பும் எளிதில் பிடிக்கும் மாதங்களும் இவையே.

அடித்தவருக்கு இது தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மணம் தொடர்ந்து வந்தால் மூக்கு அதற்குப் பழகி, தகவல் சொல்வதை நிறுத்திக்கொள்ளும். ‘வாசனையே நிக்கலையே’ என்று மதியம் இன்னும் நான்கு ஸ்ப்ரே அடிக்கிறார். பக்கத்து சீட்டில் இருப்பவர் கர்சீப்பைத் தேடுகிறார். ‘கொஞ்சம் கம்மியா போடுங்களேன்’ என்று சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை, குறிப்பாக அடித்தவர் மேனேஜராக இருந்தால்.

அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. டெட்ராய்ட் நகர நிர்வாகத்தில் வேலை பார்த்த ஒருவர், சக ஊழியரின் வாசனையால் மூச்சுவிடவே சிரமமாக இருக்கிறது என்று வழக்குப் போட்டார். 2010இல் 1 லட்சம் டாலர் கொடுத்து நகர நிர்வாகம் சமரசம் செய்துகொண்டது. வாசனைப் பொருள்களைத் தவிர்க்கும்படி ஊழியர்களுக்கு அறிவிப்பும் வைத்தது. இங்கே வழக்கு வரை போக வேண்டியதில்லை. புதிதாகச் சேருபவருக்கு ஐ.டி. கார்டு, உடை விதி எல்லாம் பற்றி நீளமாக மெயில் அனுப்பும் எச்.ஆர். துறை, அதில் வாசனை பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். சேர்க்கவும் வேண்டும். தனிப்பட்ட முறையில் யாரும் யாரையும் சங்கடப்படுத்தாமல் வேலை முடிந்துவிடும்.

பர்ஸுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு ஸ்ப்ரே தோராயமாக 0.1 மி.லி. அப்படியென்றால் 100 மி.லி. குப்பியில் ஆயிரம் ஸ்ப்ரே. ஏசி அலுவலகத்துக்கு நாளைக்கு இரண்டு ஸ்ப்ரே தாராளம் என்று வைத்தால், 10 மி.லி. சிறு குப்பியே 50 நாள் வரும். மார்கழி முழுக்கவும் தையில் 20 நாளும் ஓட்டிவிடலாம். பெரிய குப்பியை ‘விண்டருக்கு மட்டும்’ என்று வாங்கினால் பத்து வருடம் ஆனாலும் தீராது. அதற்குள் அது கெட்டே போகலாம்.

கடையில் காகிதப் பட்டையில் முகர்ந்து பார்த்து வாங்குவதும் பாதி ஏமாற்றுதான். அந்த ஷோரூமும் ஏசிதானே! மணிக்கட்டில் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, பில் போடாமல் வெளியே வந்து, வெயிலில் ஒரு டீ குடித்து, பஸ்ஸிலோ மெட்ரோவிலோ வீடு வரை போய்ப் பார்க்கலாம். மறுநாள் காலையிலும் அது பிடித்திருந்தால் திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளலாம். கடை அங்கேயேதான் இருக்கும்.