ராத்திரிப் பிராணியைப் பகலில் எடைபோடலாமா?

சுகர் கிளைடர் வாங்கியவர்கள் முதல் மாதத்தில் சொல்லும் புகார்கள் மூன்றுதான். "நாள் பூரா தூங்குது சார், சுத்த சோம்பேறி" என்பார் ஒருவர். "ராத்திரியானா கூண்டையே பிச்சு எடுக்குது, சேட்டை தாங்கல" என்பார் இன்னொருவர். "கை வெச்சாலே கத்துது, பயங்கரக் கோபம்" என்பார் மூன்றாமவர். வேடிக்கை என்னவென்றால், மூவரும் ஒரே கடையில் குட்டிகளை வாங்கியவர்களாக இருக்கலாம். மூன்று புகாருமே ஒரே குட்டியைப் பற்றியதாகக்கூட இருக்கலாம்.

இந்த வாரம் அந்தக் குட்டியின் கட்சியில் சேர்ந்து பேசப்போகிறேன்.

முதலில் ஆள் யார் என்று பார்த்துவிடுவோம். நெற்றியில் தொடங்கி முதுகு வரை ஓடும் கறுப்புப் பட்டை, துருத்திக்கொண்டிருக்கும் கருவிழி, உடம்பின் நீளத்துக்கு வால். நன்றாக வளர்ந்த பிராணியே 100 முதல் 150 கிராம்தான் இருக்கும். முன்னங்காலின் கடைசி விரலுக்கும் பின்னங்காலின் முதல் விரலுக்கும் நடுவே ஒரு தோல் மடிப்பு உண்டு. அதை விரித்துக் கிளையிலிருந்து பாய்ந்தால் 50 மீட்டர் வரை காற்றில் சறுக்கிப் போய் அடுத்த மரத்தில் ஒட்டிக்கொள்ளும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் உள்ள பறக்கும் அணிலுக்கு இது பங்காளி என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். உறவே கிடையாது. பறக்கும் அணில் கொறிவிலங்கு. இதுவோ கங்காருவைப் போலப் பையில் குட்டி வளர்க்கும் சாதி. 16 நாள் கர்ப்பத்தில், ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு எடையோடு பிறந்து, சுமார் 70 நாள் தாயின் பைக்குள் தொங்கி வளர்ந்துவிட்டுத்தான் வெளியே தலை காட்டும்.

சொந்த ஊர் ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும். ஆஸ்திரேலியாவில் ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணியிருந்ததை 2020-இல் ஆய்வாளர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். அமெரிக்க வீடுகளில் வளர்பவற்றின் மூதாதையர், மரபணுச் சோதனையின்படி, இந்தோனேசியாவின் மேற்குப் பப்புவாவில் சோராங் என்ற ஊரை ஒட்டிய பகுதியிலிருந்து போனவை. நாயும் பூனையும் ஆயிரக்கணக்கான வருஷமாக மனிதனோடு பழகித் தேறியவை. இதுவோ கூண்டுக்கு வந்தே சில பத்து வருஷம்தான் ஆகிறது. பிடிபட்டுப் போனவற்றின் வாரிசு, காட்டுக் கடிகாரத்தை இன்னும் கழற்றி வைக்கவில்லை.

அந்தக் கடிகாரம்தான் முதல் இரண்டு புகார்களுக்கும் பதில். காட்டில் பகல் முழுக்க மரப்பொந்துக்குள் இலைகளைப் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டு தூங்குவதுதான் இதன் வழக்கம். இருட்டிய பிறகு வெளியே வந்தால், யூகலிப்டஸ் பாலையும் அகேசியா பிசினையும் நக்கி, பூந்தேன் குடித்து, பூச்சி பிடித்துத் தின்று, விடிவதற்குள் வீடு திரும்பும். ஒரு கூட்டத்தின் எல்லை சுமார் அரை ஹெக்டேர், நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். பகல் பன்னிரண்டு மணிக்கு எழுப்பி விளையாடக் கூப்பிடுவதும், உங்களை இரவு இரண்டு மணிக்கு உலுக்கிக் கேரம் ஆட அழைப்பதும் ஒன்றுதான். நீங்கள் என்ன குணத்தைக் காட்டுவீர்களோ அதையேதான் அதுவும் காட்டுகிறது.

ஒரு நண்பர் வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறது. சாயங்காலம் ஏழு மணிக்குமேல் கூண்டுக்கு எதிரே விளக்கைத் தணித்து உட்கார்ந்தால், தொங்கும் துணிப்பையின் வாயில் முதலில் ஒரு ரோஸ் நிற மூக்கு தெரியும். மீசை நடுங்கும். அந்த மூக்கு அறையின் சங்கதிகளை ஒவ்வொன்றாக முகர்ந்து சரிபார்க்கும்வரை உடம்பு வெளியே வராது. வந்ததும் கம்பியைப் பிடித்து ஒரு நீட்டம், ஒரு கொட்டாவி. பிறகு பின்னங்காலின் இரண்டு ஒட்டு விரல்களை வைத்துக் கழுத்து முடியை வாரத் தொடங்கும். அந்த விரல்கள் பிறவியிலேயே ஒட்டி இரண்டு நகத்தோடு இருப்பது, சீப்பாகப் பயன்படத்தான். வாரி முடிந்து, கைகளில் எச்சிலைத் தொட்டு முகம் துடைத்தபின்தான் தாவலே ஆரம்பிக்கிறது. ஆண் குட்டி சக்கரத்தில் ஏறி ஓட, பெண் குட்டி கூரைக் கம்பியில் தலைகீழாக நடக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் ஒரே சாப்பாடு தின்பவை. ஆனால் ஆண் குட்டி முன்பின் தெரியாத என் கைக்கு வந்து மோந்துபார்த்தது. பெண் குட்டி கடைசிவரை மேல் மூலையை விட்டு இறங்கவில்லை. தைரியசாலியும் கூச்சக்காரியும் மனிதர்களில் மட்டும்தான் உண்டா என்ன?

ஆக, ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சிலது விடிய விடிய ஓடும். சிலது ஒரு ரவுண்டு ஆடிவிட்டுத் தோளில் வந்து உட்கார்ந்துவிடும். எனவே உங்கள் குட்டி பக்கத்து வீட்டுக் குட்டி அளவுக்கு ஓடவில்லையே என்று கவலைப்படத் தேவையில்லை. அதை அதோடுதான் ஒப்பிட வேண்டும். நேற்றுவரை சாயங்காலம் ஏழரைக்கு எழுந்தது இன்று பத்தாகியும் எழவில்லை, தாவிய இடத்தில் ஏறிப் போகிறது, பிடி தளர்கிறது என்றால்தான் விஷயம் இருக்கிறது.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சேட்டைக்காரக் குட்டி திடீரென்று அடங்கிப்போனால், "பழகிடுச்சு, சாதுவாயிடுச்சு" என்று சந்தோஷப்படுகிறார்கள். சாதுவானதற்குக் காரணம் பாசமாக இல்லாமல் பசியாகவோ குளிராகவோ இருக்கலாம். இரை குறைந்தாலோ இரவு மிகக் குளிர்ந்தாலோ இந்தப் பிராணி தன் உடம்புச் சூட்டைத் தானே இறக்கிக்கொண்டு பல மணி நேரம் மரத்துக் கிடக்கும். காட்டில் அது பிழைக்கும் வழி. 18 டிகிரியில் ஏசி ஓடும் படுக்கையறையில் அது நடந்தால், கூண்டு வைத்த இடம் தப்பு. 24 முதல் 27 டிகிரி இதற்கு வசதி.

குளிரைவிட மோசமானது கால்சியக் குறைவு. பழமும் தேனும்தான் இதன் ஆகாரம் என்று நம்பி அதையே மாதக்கணக்கில் கொடுத்தால், உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவ ஆரம்பிக்கும். முதலில் தாவல் குறையும். பிறகு பின்னங்கால் இழுக்கும், கடைசியில் விழுந்தேபோகும். தாவல் குறைந்த கட்டத்திலேயே இத்தகைய பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் காப்பாற்ற வழி உண்டு. "இப்பல்லாம் ரொம்ப அமைதி" என்று வீட்டார் மெச்சிக்கொண்டிருக்கும் வாரங்கள், வைத்தியத்துக்கான வாரங்கள்.

இனி மூன்றாவது புகார், கோபம். தூங்கும் பைக்குள் கையை விட்டால் இந்தச் சின்ன உடம்பிலிருந்து வரும் சத்தத்தை முதல்முறை கேட்பவர்கள் கையை உதறிவிடுவார்கள். மிக்ஸியின் சின்ன ஜாரில் காய்ந்த மிளகாயைப் போட்டு விட்டு விட்டு அரைத்தால் எப்படியிருக்கும், அப்படி. வளர்ப்பவர்கள் இதை கிராபிங் என்கிறார்கள். சிலது பின்னங்காலில் நிமிர்ந்து, சிலது மல்லாந்து படுத்துக் கைகளை விரித்துக்கொண்டு, வாயைத் திறந்து இதைச் செய்யும். பார்ப்பதற்கு வம்புச் சண்டைக்கு வருவதுபோலத்தான் இருக்கும். உண்மையில் அது பயம். தன்னைவிட ஐந்நூறு மடங்கு எடையுள்ள ஒரு உருவம் தூக்கத்தில் கை நீட்டினால், அது செய்யக்கூடியது இரைச்சல் போடுவதுதான். பெரும்பாலும் இரைச்சலுக்குப் பிறகும் கை நகராதபோதுதான் கடி விழும். இருட்டில் உட்கார்ந்து விட்டுவிட்டுக் குரைப்பது வேறு சங்கதி. அது துணையைக் கூப்பிடுவதாக இருக்கலாம், எச்சரிக்கையாக இருக்கலாம், வெறும் சலிப்பாகவும் இருக்கலாம்.

பயத்தைக் குறைக்கக் கண்ணைவிட மூக்குதான் வழி. கூட்டத்தின் பெரிய ஆண், தலையிலும் மார்பிலும் உள்ள சுரப்பியைத் தேய்த்துத் தேய்த்து எல்லோர்மீதும் தன் வாசனையைப் பூசி வைக்கும். வயதுக்கு வந்த ஆணின் உச்சந்தலையில் முடி உதிர்ந்து வழுக்கை விழுவது சொறி அல்ல, அந்தச் சுரப்பிதான். பூசிய வாசனை இருந்தால் நம்மாள், இல்லாவிட்டால் அந்நியன். அதனால்தான் பழக்க நினைப்பவர்கள், தாம் உடுத்திய பழைய பனியன் துண்டை அது தூங்கும் பையில் போட்டு வைக்கிறார்கள். பகலில் துணிப்பையோடு மார்பருகே சுமந்து திரிகிறார்கள், எழுப்புவதில்லை. இரவில் ஒரு சின்னக் கூடாரத்துக்குள் உட்கார்ந்து, அதுவாக மேலே ஏறி இறங்க விடுகிறார்கள். குளியலறையில் விடுபவர்கள் கக்கூஸ் மூடியை மூடிவிட்டு விட வேண்டும். விழுந்தால் வழுக்கும் சுவரில் ஏற முடியாது. இதெல்லாம் வாரக்கணக்கில், சிலதுக்கு மாதக்கணக்கில் நடக்கிற வேலை.

நான்காவதாக ஒரு புகார் வர வேண்டும், ஆனால் வருவதில்லை. "இது தனியா இருக்கு" என்பது. காட்டில் ஏழு பெரியவர்கள் வரைக்கும், கூடவே குஞ்சு குளுவான்களும் ஒரே பொந்தில் கூடி வாழும் பிராணி இது. தனியாக அடைத்தால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பக் குட்டிக்கரணம் போடும். முற்றிப்போனால் தன் வாலையும் தோலையும் தானே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அந்தக் குட்டிக்கரணத்தை வீடியோ எடுத்து "சுறுசுறுப்பைப் பாருங்க" என்று போடுபவர்களும் இருக்கிறார்கள்.

குணம் என்பது எவ்வளவு தூரம் கூட்டத்தைச் சார்ந்தது என்பதற்கு ஒரு நல்ல ஆய்வு உண்டு. 1990களில் மைக்கேல் ஸ்டோடார்ட்டும் சகாக்களும் சுகர் கிளைடர் கூட்டங்களைக் கவனித்தார்கள். கூட்டத்தை ஆளும் ஆணின் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அதிகம். அழுத்தத்தைக் காட்டும் கார்டிசோல் குறைவு. அதே ஆணைத் தூக்கி வேறொரு கூட்டத்தில் விட்டார்கள். அங்கே அது அடங்கி நடக்க வேண்டியதாயிற்று. சில வாரங்களிலேயே ரத்தக் கணக்கும் தலைகீழாக மாறிவிட்டது. நேற்றைய அதிகாரி இன்றைய அடிமட்ட ஊழியன். ஆள் அதே ஆள்தான். கடையில் ரௌடியாக இருந்தது வீட்டில் ஒடுங்கிப்போவதும், ஒடுங்கியிருந்தது புதுத் துணை வந்ததும் வீறுகொள்வதும் இதனால்தான். ஆண்கள் சண்டைக்காரர்களாகவே இருந்தால், கருத்தடை செய்தபிறகு மூர்க்கமும் வாசனை பூசலும் குறைகின்றன.

இத்தனையும் படித்தபிறகும் வாங்கத் தோன்றினால், முதலில் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள். சிங்கப்பூரிலும் அமெரிக்காவின் கலிபோர்னியாவிலும் வளர்க்கவே கூடாது. சட்டம் இடம் கொடுத்தால், கடைக்குச் சாயங்காலம் விளக்கு வைத்தபிறகு போங்கள். பகலில் கையில் சுருண்டு கிடக்கும் குட்டியைக் காட்டி, "பாருங்க எவ்ளோ சாது" என்று விற்பதுதான் வியாபார உத்தி. அது தூக்கம், சாதுத்தனம் அல்ல. இரவில் எப்படி ஏறுகிறது, எப்படிப் பிடிக்கிறது, துணையோடு எப்படி இருக்கிறது என்று பார்த்து, ஜோடியாக வாங்குங்கள். அகலத்தைவிட உயரம் அதிகமுள்ள கூண்டும், வால் சிக்காதபடி நடுவே அச்சுக் கம்பி இல்லாத சக்கரமும் முதல் நாளே வேண்டும். பத்துப் பன்னிரண்டு வருஷம் உயிரோடு இருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இப்போது அடம்பிடித்துக் கேட்கிற பிள்ளை கல்லூரிக்கு விடுதிக்குப் போனபிறகு அதன் ராத்திரிகள் உங்களுடையவை.

இரவு பதினொரு மணிவரை விழித்திருப்பவர்களுக்கும், தொடாமல் வேடிக்கை பார்க்கத் தெரிந்தவர்களுக்கும் இது நல்ல துணை. பகலெல்லாம் தனியே இருக்கும் பாட்டிக்குப் பொழுதுபோக வாங்கித் தருவதாக உத்தேசம் என்றால் வேண்டாம். பாட்டிக்கு ஒரு பூனை போதும்.