டிராக்டர் ஆல்டர்நேட்டரும் ஒயர் சோதனையும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், களமருதூர் முதலிய கிராமங்களில், ஏர் மாடுகளின் வேலையைப் பெரும்பாலும் டிராக்டரே ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆல்டர்நேட்டரைப் பழுது பார்த்து மாட்டிய பின்னும் பாட்டரிக்குச் சார்ஜ் ஏறாவிடில், மறுபடியும் அதன்மீதே குற்றஞ்சாட்டிப் புதியது வாங்குவோர் உண்டு. ஒயர்களைச் சோதிக்காமல் அவ்வாறு செய்வது வீண் செலவென்பது எமது அபிப்பிராயம். கழற்றி மாட்டுகையில் தளர்ந்த ஒயர் ஒன்றே காரணமாயிருக்கக்கூடும்.

சாவியைத் திருப்பியதும் சார்ஜ் விளக்கு எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணையவேண்டும். முதலிலேயே எரியாவிடில் பல்பையும் அதன் ஒயரையும் பார்க்க. எஞ்சின் ஓடும்போது 12 வோல்ட் பாட்டரியில் மீட்டர் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். ஆல்டர்நேட்டர் முனையில் இவ்வளவு இருந்து, முன்விளக்குகளை எரியவிட்டுப் பார்க்கையில் பாட்டரியில் மிகக் குறைந்தால், குற்றம் இடையிலுள்ள ஒயரிலோ, துருவேறிய எர்த் இணைப்பிலோ உள்ளது.

எஞ்சின் ஓடுகையில் பாட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்நேட்டரில் அது டயோடுகளைக் கருக்கிவிடும், அறவே கூடாது.

ஆகையால், விளக்கையும் வோல்ட் அளவையும் தம் முன்னிலையில் சோதித்துக் காட்டிய பின்னரே விவசாயிகள் கூலி கொடுத்தல் நலம். கூட்டுறவுச் சங்கந்தோறும் ஒரு மீட்டர் இருக்குமாறு கிராம அதிகாரிகள் யோசனை கூறலாம். ஆலைக்குச் செல்லவேண்டிய நாளில் டிராக்டர் நின்றுவிட்டால், வெட்டிய கரும்பின் எடையும் சர்க்கரைச் சத்தும் நாளுக்கு நாள் குறையும். அந்த நஷ்டத்தை நோக்க மீட்டரின் விலை அற்பமே.