செப்பு உளியும் தானியக் கூலியும்

எகிப்தின் பிரமிட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தால், "இது மனிதர் கட்டியதாக இருக்க முடியாது" என்று சொல்ல ஒருவராவது இருப்பார். வேற்றுக்கிரகத்தவர் வந்து கட்டியதாகப் புத்தகம் எழுதியோரும் உளர். கேட்கச் சுவையாக இருக்கலாம். ஆனால் உழைத்தவன் செய்த வேலையை அவனிடமிருந்து பறிக்கும் பேச்சு அது என்பதே என் எண்ணம். வேறு சிலர், வேதாகமத்து இஸ்ராயேலர் கட்டியது என்பர். விடுதலைப் பயண நூல் சொல்வது செங்கல் வேலையையே. பிரமிட்டைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

ஏறத்தாழ 4500 ஆண்டுகளுக்கு முன்னர், கூபு மன்னனின் பெரிய பிரமிட்டு எழுந்த காலத்தில், அந்தத் தொழிலாளரிடம் இரும்புக் கருவிகள் இருக்கவில்லை. செப்பு உளியையும் மரக் கொட்டாப்புளியையும் கொண்டு சுண்ணாம்புக்கல்லைச் செதுக்கினார்கள். கருங்கல்லுக்குச் செம்பு ஈடுகொடாது. ஆகவே அசுவான் கற்குழிகளில், அதைவிடக் கடினமான கல்லுருண்டைகளைக் கையில் பிடித்து இடித்து இடித்தே பாறையைப் பொடியாக்கினர். பல்லில்லாத செப்பு வாளின் கீழ் மணலைப் போட்டு இழுத்தார்கள். உண்மையில் கல்லை அறுத்தது அந்த மணல்தான்! எத்தனை நாள், எத்தனை தோள்கள் நொந்திருக்கும்!

நமது மேசன்மார் வைத்திருக்கும் தூக்குக்குண்டும் மூலைமட்டமும் அவர்களிடமும் இருந்தன. டெயர் எல்-மதீனா என்னும் தொழிலாளர் கிராமத்தில், செனெட்ஜெம் என்பவரின் கல்லறையில் இவை 1886 இல் கிடைத்தன.

இக்கிராமத்தவர் பிரமிட்டுக் காலத்துக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் பிந்தியவர்கள். மன்னர்களின் கல்லறைகளை மலையில் குடைந்தவர்கள். அவர்களுடைய உளி அரசுக்குச் சொந்தம். செம்பு விலையுயர்ந்தது. எனவே கணக்கர் உளியை நிறுத்துக் கொடுத்து, தேய்ந்து வரும்போது மீண்டும் நிறுத்து வாங்கினர். அக்கணக்குகள் கற்சில்லுகளில் இன்றும் உள்ளன.

செம்பை இவ்வளவு கவனமாக நிறை பார்த்தவர்கள், உளி பிடித்த கைக்குரிய தானியத்தை அளந்து கொடுக்கத் தவறினார்கள். மூன்றாம் ராம்சேசின் 29ஆம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 அளவில், கூலித் தானியம் நாட்கணக்கில் பிந்தியது. பசி பொறுக்காத தொழிலாளர் வேலையைப் போட்டுவிட்டு, காவற் சுவர்களைக் கடந்து சென்று, ஆலயமொன்றின் பின்புறத்தில் உட்கார்ந்துவிட்டனர். அதிகாரிகள் வந்து கெஞ்சினர், வாக்குறுதி அளித்தனர். அவர்கள் அசையவில்லை. பாக்கித் தானியம் கைக்கு வந்த பின்னரே எழுந்தார்கள். அதன் பின்னும் கூலி தவறியபோது மறுபடியும் வெளியேறினார்கள்.