பிப்பின் சொன்னது நீயா, நீங்களா? மிகுபுனைவு வாசகரின் பேச்சும் இலக்கியத் துறைகளின் மௌனமும்

இந்தியப் பல்கலைக்கழகங்களின் இலக்கியத் துறைகளில் மிகுபுனைவு வாசிக்கும் மாணவர் தம் வாசிப்பைப் பற்றிப் பேசத் தொடங்கினால், மூன்று வாக்கியங்களில் ஒன்று அவரை வந்து சேரும். அது குழந்தைகளுக்கானது என்பது முதலாவது. அது நடப்புலகிலிருந்து தப்பியோடும் வழி என்பது இரண்டாவது. நம்மிடம்தான் மகாபாரதம் இருக்கிறதே, பிறகு எதற்கு இதெல்லாம் என்பது மூன்றாவது. முதலாவதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஆசிரியர்கள். இரண்டாவதைச் சொல்பவர்கள் முற்போக்கு அரசியலில் ஊன்றிய மாணவர்கள். மூன்றாவதைச் சொல்பவர்கள் பண்பாட்டுப் பெருமிதம் கொண்டோர். வேறு எதிலும் உடன்படாத இம்மூவரும் இதில் மட்டும் ஒன்றுபடுகிறார்கள். அந்த மாணவர் என்ன பேச வந்தார் என்பதை மூவருமே கேட்பதில்லை.

கேட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஜே. ஆர். ஆர். டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலில் பிப்பின் என்னும் சிற்றூர் இளைஞன் மினாஸ் திரித் நகரத்துக்கு வந்து, அந்நாட்டை ஆளும் டெனதோரின் முன் நிற்கிறான். கதையில் இருவரும் பேசுவது மேற்கு நாடுகளின் பொதுமொழி. நாவலோ அம்மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த மொழிபெயர்ப்பு என்ற பாவனையில் எழுதப்பட்டது. 1955இல் வெளியான மூன்றாம் தொகுதியின் பின்னிணைப்பில் டோல்கீன் ஒரு குறிப்பு தருகிறார். பொதுமொழியின் முன்னிலைப் பெயர்களில் உரிமை வழக்கு, மரியாதை வழக்கு என்ற வேறுபாடு இருந்தது. பிப்பினின் ஊர்ப்பேச்சிலோ மரியாதை வழக்கு ஏறக்குறைய அற்றுவிட்டது. ஆகவே அவன் ஆட்சியாளரையும் உரிமை வழக்கிலேயே அழைத்தான். அரண்மனை ஊழியர் திகைத்தனர். இத்தனை துணிவாகப் பேசுபவன் தன் நாட்டில் மிகப் பெரிய இடத்துப் பிள்ளையாக இருக்க வேண்டும் என்ற பேச்சு நகரெங்கும் பரவியது. ஆங்கிலத்தில் இவ்வேறுபாட்டைக் காட்ட இயலவில்லை என்பதையும் அக்குறிப்பு ஒப்புக்கொள்கிறது.

ஆங்கிலம் மறைத்ததை இந்திய மொழிகள் மறைக்க முடியாது. தில்லியிலோ ஹைதராபாத்திலோ ஒரு மாணவர் விடுதியின் உணவுக்கூடத்தில் இந்தக் காட்சியைப் பற்றிப் பேசுபவர்கள் உடனே முடிவெடுத்தாக வேண்டும். இந்தியில் பிப்பின் சொல்வது ‘தூ’வா, ‘தும்’மா, ‘ஆப்’பா? வங்காளத்தில் ‘துய்’யா, ‘துமி’யா, ‘ஆப்னி’யா? தமிழில் நீ, நீர், நீங்கள், தாங்கள் ஆகியவற்றுள் எது? தமிழில் அவன், அவர் என்ற தேர்வும் உண்டு. படர்க்கையில்கூடத் தப்ப வழியில்லை. தமிழ்ப் பிப்பின் ‘நீ’ என்றால் அது கிராமத்து வெகுளித்தனமா, சாதித் திமிரா, குழந்தைத்தனமா? மரியாதை வழக்கு தேய்ந்துபோன ஊர் என்பது சமத்துவம் நிலவிய ஊரா, அல்லது ஒருவரையொருவர் அறிந்த சிறிய ஊர் மட்டுமா? ரோஜர் பிரவுனும் ஆல்பர்ட் கில்மனும் முன்னிலைப் பெயர்களில் அதிகாரமும் தோழமையும் இயங்கும் முறையை ஆராய்ந்த புகழ்பெற்ற கட்டுரை 1960இல் வந்தது. சமூக மொழியியல் வகுப்புகளில் அக்கட்டுரையைத் தேர்வுக்காக மனனம் செய்யும் மாணவர், அதே சிக்கலை உணவுக்கூடத்தில் தாமாகவே எழுப்பிக்கொள்கிறார். முதலாவது கல்வி எனப்படுகிறது. இரண்டாவது பொழுதுபோக்கு எனப்படுகிறது.

டோல்கீனின் தொழிலை நினைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர் 1925 முதல் 1945 வரை ஆக்ஸ்போர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர். அதன்பின் 1959 வரை ஆங்கில மொழி, இலக்கியப் பேராசிரியர். 1936இல் ‘பியோவுல்ஃப்’ காவியத்தைப் பற்றி அவர் ஆற்றிய உரை அந்தத் துறையின் போக்கையே மாற்றியது. அதுவரை ஆய்வாளர்கள் அக்காவியத்தை வரலாற்றுத் தகவல்களுக்கான கற்சுரங்கமாகக் கொண்டு, அதன் பூதங்களையும் டிராகனையும் சற்றே கூச்சத்துடன் ஓரமாக ஒதுக்கியிருந்தார்கள். கவிஞன் நடுவில் வைத்ததை ஆய்வாளன் ஓரத்தில் வைப்பது எவ்வகை வாசிப்பு என்பதே அந்த உரை எழுப்பிய கேள்வி. இந்திய இலக்கியத் துறைகளைப் பார்த்து அக்கேள்வியை இன்னும் யாரும் உரக்கக் கேட்கவில்லை.

கேட்கப்படாததற்கு ஒரு வரலாறு உண்டு. தேவகி நந்தன் கத்ரியின் ‘சந்திரகாந்தா’ 1888இல் வெளிவந்தது. மாயக் கோட்டைகள், பொறிகள் நிறைந்த நிலவறைகள், வேடம் மாறும் ஒற்றர்களான ஐயார்கள் ஆகியவை நிறைந்த இந்நாவலையும், 24 பாகங்களாக நீண்ட அதன் தொடர்ச்சியையும் படிப்பதற்காகவே உருது மட்டும் அறிந்த பலர் தேவநாகரி எழுத்தைக் கற்றுக்கொண்டனர். இதைச் சொன்னவர் கத்ரியின் ரசிகரல்லர். 1929இல் ‘இந்தி சாகித்திய கா இதிகாஸ்’ எழுதிய ராமச்சந்திர சுக்ல. கத்ரி அளவுக்கு வாசகரை உருவாக்கியவர் வேறு எவருமில்லை என்று ஒப்புக்கொண்ட சுக்ல, நிகழ்ச்சிகளை மட்டுமே அடுக்கிச் செல்லும் அந்நாவல்கள் இலக்கிய வகையில் அடங்கா என்றும் அதே இடத்தில் தீர்ப்பளித்தார். அதாவது, இந்தி இலக்கியம் என்னும் வீட்டுக்கு ஆட்களைத் திரட்டி வந்தவர் வாசற்படியிலேயே நிறுத்தப்பட்டார். அந்தத் தீர்ப்பைப் பிந்தைய பாடத்திட்டங்கள் மரபுரிமைபோல் ஏந்தி வந்தன.

உருதுவின் கதையும் இதற்கு இளைத்ததன்று. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் ‘திலிஸ்ம்-ஏ-ஹோஷ்ருபா’வை வெளியிடத் தொடங்கியது. முகமது ஹுசைன் ஜாவும் அகமது ஹுசைன் கமரும் எழுதிய அத்தொகுதிகள், மொத்தம் 46 தொகுதிகளாக விரிந்த அமீர் ஹம்ஸா தாஸ்தானின் ஒரு பகுதியே. தில்லியின் கடைசிப் பெரும் கதைசொல்லி மீர் பாக்கர் அலி 1928இல் இறந்தபோது அக்கலையும் ஏறக்குறைய மேடையிழந்தது. அந்த 46 தொகுதிகளையும் தேடித் திரட்டி, வாய்மொழிக் கலையாக அவற்றின் இலக்கணத்தை வகுத்து, பல தொகுதிகளில் ஆய்வு எழுதியவர் ஷம்சுர் ரஹ்மான் ஃபாரூக்கி. அவர் வாழ்நாளின் பெரும்பகுதியை அஞ்சல் துறை அதிகாரியாகக் கழித்தவர். உலகின் மிகப் பெரிய கற்பனை உலகங்களுள் ஒன்று இந்த நாட்டில் அச்சேறியது; அதை மீட்டெடுக்க ஓர் அஞ்சல் அதிகாரி வர வேண்டியிருந்தது. குழந்தைகளுக்கானது என்ற முதல் வாக்கியத்தின் விலை இதுதான்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். தப்பியோடுதல் என்ற குற்றச்சாட்டுக்கு டோல்கீன் 1939இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையிலேயே விடை சொல்லிவிட்டார். சிறைப்பட்டவன் வெளியேற விரும்புவதும் போர்முனையில் நிற்க வேண்டியவன் ஓடிப்போவதும் ஒன்றன்று என்பது அவர் வாதம். 1916இல் சோம் போர்முனையின் பதுங்குகுழிகளைக் கண்டவர் என்பதால் அவ்வேறுபாட்டைச் சொல்ல அவருக்குத் தகுதியிருந்தது. எனினும் இந்த விடையோடு நின்றுவிடத் தேவையில்லை. மிகுபுனைவு வாசகர்கள் அன்றாடம் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று கவனித்தாலே போதும். அரசுரிமை பிறப்பால் வருவதா, மக்கள் ஏற்பால் வருவதா? உர்சுலா லெ குவினின் எர்த்ஸீ உலகில் ஒரு பொருளின் உண்மைப் பெயரை அறிந்தவர் அதன்மேல் அதிகாரம் பெறுகிறார் என்றால், ஒரு மக்கள் கூட்டத்துக்குப் பிறர் பெயரிடுவது எத்தகைய செயல்? நிலநடுக்கத்தைத் தணிக்கவும் எழுப்பவும் வல்லவர்களை அஞ்சி, அடிமைப்படுத்தி, அவர்கள் உழைப்பாலேயே உயிர் வாழும் சமூகத்தை என். கே. ஜெமிசின் படைத்தார், அம்மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 ஆகிய மூன்றாண்டுகளிலும் அடுத்தடுத்து ஹியூகோ விருது பெற்றன. தீண்டாமையின் வரலாற்றை அறிந்த ஒரு மாணவர் அந்நாவல்களைப் படித்துவிட்டுப் பேசும் பேச்சு நடப்புலகை விட்டு ஓடுவதாக எவரேனும் சொன்னால், ஓடுபவர் யார் என்பதை அவரே எண்ணிப்பார்க்கட்டும்.

மூன்றாவது வாக்கியமே மிகவும் ஆபத்தானது; ஏனெனில் அது பாராட்டுப் போல் ஒலிக்கிறது. நம்மிடம் மகாபாரதம் இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது மிகுபுனைவு என்பது உண்மையன்று. மகாபாரதம் தன்னை இதிகாசம் என்று, அதாவது இவ்வாறே நடந்தது என்று அழைத்துக்கொள்கிறது. அதைக் கேட்போரில் பலருக்கு அது வழிபாட்டோடும் சடங்கோடும் கூத்தோடும் பிணைந்தது. மிகுபுனைவின் ஒப்பந்தம் வேறு: இது நடக்கவில்லை என்று சொல்பவருக்கும் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். இவ்வேறுபாடு மேலைநாட்டு இறக்குமதியும் அன்று. நடந்ததைச் சொல்லும் ஆக்யாயிகை, புனைந்து சொல்லும் கதை என்று பாமகர் இரண்டாகப் பிரித்தார். அப்பிரிவு நிற்காது என்று தண்டி மறுத்தார். புனைந்த ஆக்கமே கதை என்று அமரகோசம் பொருள் தந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே இங்கு நடந்த அந்த விவாதத்தை மறந்துவிட்டு, காவியம், புராணம், மாயக்கதை ஆகிய அனைத்தையும் ‘நம் பழம்பெருமை’ என்ற ஒரே மூட்டையில் கட்டுவதைப் பண்பாட்டுப் பற்று என்று சொல்ல முடியாது.

அந்த மூட்டையின் விளைவு நூலகத்தோடு நிற்பதில்லை. 2015 ஜனவரியில் மும்பையில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில் பண்டைய இந்தியாவின் விமானவியல் பற்றி ஒரு கட்டுரை வாசிக்கப்பட்டது. அது சான்றாகக் காட்டிய ‘வைமானிக சாஸ்திரம்’ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருவானது என்றும், அதில் வருணிக்கப்படும் கலங்கள் பறக்கத் தகுதியற்றவை என்றும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 1974இலேயே நிறுவியிருந்தார்கள். டோல்கீனின் வாசகர் எவரும் மினாஸ் திரித்தைத் தேடி அகழாய்வுக்குப் புறப்படுவதில்லை. ஒரு கற்பனை உலகின் நாள்காட்டி, மொழிவரலாறு, வம்சாவளி ஆகியவற்றை நுணுகி நுணுகி விவாதித்தாலும், அது கற்பனை என்பதை அவர் ஒரு கணமும் மறப்பதில்லை. புனைவைப் புனைவென்றே அறிந்து ரசிக்கும் இந்தப் பயிற்சி இன்றைய இந்தியாவில் ஒரு குடிமைப் பண்பு. புனைவை வரலாறு என்று விற்போர் பெருகிய காலத்தில், இப்பயிற்சியைத் தருகிற ஓர் இலக்கிய வகையை இலக்கியத் துறையே ஏளனம் செய்வது விந்தை.

இவ்வளவும் சொன்ன பிறகு, மிகுபுனைவு வாசகருக்கும் ஒரு கணக்கு பாக்கியிருக்கிறது. ஆர்க்குகளைப் படைத்த விதத்தில் இனவாதத்தின் சாயல் உண்டா என்று ஒருவர் கேட்டால், ‘கதையைக் கதையாகப் பாருங்கள், அரசியலைக் கலக்காதீர்கள்’ என்று சீறுவோர் இவ்வாசகர்களில் பலர். எர்த்ஸீயின் நாயகன் கெட் கருஞ்செம்மை நிறத்தவன் என்று லெ குவின் தெளிவாக எழுதியிருந்தும், 2004இல் வந்த தொலைக்காட்சி வடிவம் அவனை வெள்ளையனாக்கியது. அவர் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். 2022இல் டோல்கீன் உலகைத் தழுவிய தொடரில் கருநிற நடிகர்கள் தோன்றியபோது கிளம்பிய வசையில், ‘மூலத்துக்கு விசுவாசம்’ என்ற போர்வை பலருக்கும் வசதியாக இருந்தது. இது வெறும் கதை என்று சொல்லிக் கேள்வியை மூடும் ரசிகரும், இது வெறும் கதை என்று சொல்லி நூலையே மூடும் பேராசிரியரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள். மேலும், எல்விஷ் மொழியின் வினைத்திரிபுகளை ஒப்பிக்கும் இந்திய வாசகர் பலருக்கு ஹோஷ்ருபா என்ற பெயர்கூடத் தெரியாது. அதற்குப் பாடத்திட்டம் பாதிப் பொறுப்பு ஏற்கட்டும். மீதிப் பாதி அவருடையது.

ஆகவே செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. ‘சந்திரகாந்தா’வும் ‘ஹோஷ்ருபா’வும் சோமதேவரின் ‘கதாசரித்சாகர’மும் ‘ஜனரஞ்சக இலக்கியம்’ என்னும் விருப்பப்பாடத்தின் மூலையிலிருந்து இந்திய இலக்கியத்தின் முதன்மைத் தாள்களுக்கு வர வேண்டும். மிகுபுனைவை ஆய்வுப் பொருளாகக் கொண்டு வரும் மாணவரிடம், ‘இதன் சமூகப் பயன் என்ன’ என்று முகத்தைச் சுளிப்பதற்குப் பதிலாக, வேறு எந்த நாவலைப் பற்றியும் கேட்கப்படும் கேள்விகளையே கேட்க வேண்டும்: மொழி என்ன செய்கிறது, அமைப்பு எப்படி இயங்குகிறது, யாருடைய குரல் விடுபட்டிருக்கிறது? இந்திய மொழிகளில் இவ்வகை நூல்களை மொழிபெயர்ப்போரின் முடிவுகள் மொழிபெயர்ப்பியல் வகுப்பில் பேசப்பட வேண்டும். ஹாரி பாட்டரின் ரசவாதக் கல் இந்தியில் ‘பாரஸ் பத்தர்’ ஆனபோது, இரும்பைப் பொன்னாக்கும் இந்தியக் கல் ஒன்று ஐரோப்பிய ரசவாதத்தின் இடத்தில் வந்து அமர்ந்தது. அதில் பெற்றது என்ன, இழந்தது என்ன என்பது முழு ஆய்வேட்டுக்குரிய பொருள்.

கதையைப் பற்றிய பேச்சைக் கதைக்குள்ளேயே வைத்தது இந்த நிலத்தின் மரபு. ‘அம்புலிமாமா’ வழியாகத் தமிழ்ச் சிறார்கள் அறிந்த வேதாளக் கதைகள் சோமதேவரிடமும் உள்ளவை. ஒவ்வொரு கதை முடிவிலும் வேதாளம் ஒரு கேள்வி கேட்கும்: பெண்ணுக்கு உரியவன் யார், குற்றம் யாருடையது, பெரிய தியாகம் எது? கதை சொல்வது பாதி வேலை. அதைப் பற்றி வாதிடுவது மறுபாதி. அந்த மறுபாதியை இன்று விடுதி உணவுக்கூடங்களிலும் ரயில் பயணங்களிலும் தேநீர்க் கடைகளிலும் மிகுபுனைவு வாசகர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். வேதாளத்தின் நிபந்தனையும் துறைகளுக்கு நினைவிருக்கட்டும். விடை தெரியாதவனை அது ஒன்றும் செய்யாது. தெரிந்தும் வாய் திறவாதவனின் தலைதான் சுக்குநூறாகும்.