முற்றத்தில் ஒரு லிச்சி

அன்பு வாசகர்களுக்கு,

மழை பிடித்துக் கன்று நடும் காலம் வந்தால் உடும்பஞ்சோலைப் பக்கத்திலிருந்து ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்து சேரும்: “வீட்டு முற்றத்தில் லிச்சி வைக்கலாமா, காய்க்குமா?” மலைக்குக் கீழே கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் இதே கேள்விதான். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியாது. அதனால் இந்த இதழில் என் பக்கத்தை லிச்சிக்கே கொடுத்துவிட்டேன்.

லிச்சி வெயில் ஊரில் செத்துப்போகாது. அதுதான் வம்பு. கம்பத்தில் வைத்தாலும் தண்ணீர் ஊற்றினால் செம்பு நிறத்தில் தளிர்விட்டுத் தளதளவென்று நிற்கும். வைத்தவரும் ‘இந்த வருஷம் இல்லாவிட்டால் அடுத்த வருஷம்’ என்று காத்திருப்பார். கிளை நுனி முற்றி ஓய்ந்திருக்கும் நேரத்தில் சில வாரங்கள் நல்ல குளிர் பட்டால்தான் அந்த நுனி பூங்கொத்தாக மாறும். இரவிலும் புழுங்குகிற ஊரில் அது மறுபடி இலையாகவே வெளிவரும். பூக்கவில்லையே என்று தழைச்சத்து உரத்தைக் கூட்டினால் இன்னும் கொஞ்சம் இலை கிடைக்கும், அவ்வளவே. தென் சீனத்தில் பிறந்த இந்த மரத்துக்குப் பீகாரின் முசாபர்பூர் தோதாக அமைந்ததற்கு அங்கத்திய குளிர்காலமும் ஒரு காரணம். அங்கே விளையும் ஷாஹி லிச்சிக்கு 2018-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. லிச்சிக்கென்றே தேசிய ஆராய்ச்சி மையமும் 2001-லிருந்து அந்த ஊரில் இருக்கிறது.

ஆகவே கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்களே, லிச்சி ஆசையை விட்டுவிடுங்கள். உங்களுக்குப் பன்னீர் திராட்சை இருக்கிறது. அதற்கும் 2023-ல் புவிசார் குறியீடு வந்துவிட்டது. தொடுபுழை மாதிரி தாழ்வான, ஈரம் மிகுந்த ஊர்க்காரர்கள் ரம்புட்டான் வைக்கலாம். அதுவும் லிச்சியும் ஒரே குடும்பம். நாம் தோசைக்கு அரைக்கிற முடக்கத்தானும் அதே குடும்பம்தான் என்றால் நம்புவீர்களா!

போடிமெட்டு ஏறிவிட்டால் கதை வேறு. ஆயிரம் மீட்டரை ஒட்டிய உயரம், மழைக்காலக் குளிர், மார்கழி தை மாதத்துப் பனி, புளிப்புத் தன்மையுள்ள மண் எல்லாம் லிச்சிக்குப் பிடித்தவை. நம் மலைகளைப் போன்ற குடகிலும் வயநாட்டிலும் அது காய்க்கிறது. அதிலும் ஒரு விசேஷம். பீகாரில் மே, ஜூனில் பறித்து முடித்துவிடுவார்கள். தென்னாட்டு மலைகளிலோ நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பழுக்கிறது. அந்த நேரத்தில் நாட்டில் வேறு எங்கும் லிச்சி கிடையாது.

நல்ல விலை கிடைக்குமே என்று உடனே தோட்டத்து ஏலச்செடியைப் பிடுங்கக் கிளம்பிவிடாதீர்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய்க்குப் போன ஏலக்காய், அடுத்த மூன்று வருஷத்துக்குள் ஆயிரத்துக்கும் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் நீங்கள். புதுப் பயிர் மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் ஏலக்காயை ஸ்டோரில் உலர்த்தி, விலை ஏறும்வரை மூட்டையில் வைத்திருக்கலாம். லிச்சியைப் பறித்த இரண்டு மூன்று நாளில் தோல் கறுத்துவிடும். என் கட்சி இதுதான்: தோட்டத்தில் ஏலம் இருக்கட்டும், முற்றத்தில் ஒன்றிரண்டு லிச்சி போதும்.

விதை போடாதீர்கள். பழத்திலிருந்து எடுத்த விதைக்குச் சில நாள்தான் உயிர். முளைத்தாலும் காய்க்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். தாய்மரத்தின் ருசி வருமென்ற உறுதியும் இல்லை. பதியன் கன்று நான்கைந்து வருஷத்தில் காய்ப்புக்கு வரும். ஆனால் அதற்கு ஆணிவேர் கிடையாது, பலத்த காற்றில் சாய்ந்துவிடலாம். ராமக்கல்மேட்டுக் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுச் சுவரோ மேடோ காற்றை மறிக்கிற, அதே சமயம் நாள் முழுக்க வெயில் விழுகிற இடமாகப் பாருங்கள். நிழல் மரத்தடி ஏலத்துக்குச் சரி, லிச்சிக்கு ஆகாது. நன்றாகக் காய்க்கும் லிச்சி மரம் அக்கம்பக்கத்தில் இருந்தால் அதன் அடிமண் ஒரு கூடை கேட்டு வாங்கிக் குழியில் போடுங்கள். வேரோடு கூடி வாழ்ந்து சத்தை எடுத்துக்கொடுக்கும் பூஞ்சை அந்த மண்ணில் இருக்கும். முதல் சில கோடைகளில் தண்ணீர் விடாமல் கன்று தப்பாது. 2024 கோடையில் ஏலத்தோட்டங்கள் கருகியது மறந்திருக்காது.

இலைகள் சுருண்டால் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் செம்பழுப்பில் வெல்வெட் துணி ஒட்டினாற்போல் இருக்கும். பூசணம் என்று நினைத்து மருந்து வாங்க ஓடுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிலந்திப் பேனின் வேலை. அந்தக் கொப்பை வெட்டி எரித்துவிடுங்கள். பூத்திருக்கும்போது எந்த மருந்தும் வேண்டாம். தேனீ வந்தால்தான் காய்.

பறித்த பிறகு லிச்சி பழுக்காது. நிறம் ஏறி, தோலின் முள்மேடுகள் தட்டையான பிறகு ஒன்றை உரித்துத் தின்று பார்த்துவிட்டு, இலையோடு கொத்தாக வெட்டுங்கள். வௌவால் கடித்ததைத் தொடாமல் ஒதுக்குங்கள். பிள்ளைகளை வெறும் வயிற்றில் லிச்சி தின்ன விடாதீர்கள், குறிப்பாகப் பழுக்காததை. முசாபர்பூரில் குழந்தைகள் இறந்ததை ஆராய்ந்தவர்கள், இரவுச் சாப்பாடு இல்லாமல் லிச்சியை நிறையத் தின்ற பிள்ளைகளுக்கு ரத்தத்தில் சர்க்கரை அபாயமாகக் குறைந்ததை 2017-ல் எழுதினார்கள். சாப்பிட்ட பிள்ளை நாலு பழம் தின்றால் பயமில்லை.

ஒரு தகவல், சும்மா ரசிப்பதற்கு. லிச்சிக்குத் தாவரவியல் பெயரை 1782-ல் அச்சேற்றியவர் பியர் சோனரா என்ற பிரெஞ்சுக்காரர். புதுச்சேரியில் பல வருஷம் வாழ்ந்தவர். உங்கள் ஏலக்காட்டில் விடியற்காலையில் கூவுகிறதே சாம்பல் காட்டுக்கோழி, அதன் அறிவியல் பெயரிலும் இருப்பது அவர் பெயர்தான்.

உங்கள் முற்றத்தில் ஏற்கெனவே காய்க்கிற லிச்சி இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். ஊர், உயரம், கன்று வைத்த வருஷம், பூத்த மாதம், பறித்த மாதம் இவை இருந்தால் போதும். சாந்தாம்பாறையில் பூக்கும் மாதமும் நெடுங்கண்டத்தில் பூக்கும் மாதமும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. வருகிற விவரங்களை ஊர்வாரியாகத் தொகுத்து, அடுத்த நடவுப் பருவத்துக்கு முன்பே வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்