இருதய யந்திரம் யாருக்காக?

“இருதயத்துக்குள் வைக்கும் யந்திரத்தை ஆராய்ச்சி செய்ய சர்க்கார் பணத்தை ஏன் வாரி இறைக்க வேண்டும்? வெளிநாட்டில் தயாராகிறது, வாங்கிக்கொண்டால் போகிறது” என்று சில கனவான்கள் உபதேசம் செய்கிறார்கள். அம்மாபேட்டை நெசவாளியும் சுற்றுவட்டார விவசாயத் தொழிலாளியும் இந்த உபதேசத்தின் உள்ளர்த்தத்தைப் புரிந்துகொள்ள வேண்டும்.

பலவீனப்பட்ட இருதயத்துக்குத் துணையாக நெஞ்சுக்குள் ஒரு பம்பைப் பொருத்துகிறார்கள். அது இருதயத்தின் இடது அறையிலிருந்து ரத்தத்தை இழுத்துப் பெருநாடிக்குள் தள்ளுகிறது. உடம்புக்கு வெளியே சுமக்கும் பாட்டரி அதை ஓட்டுகிறது. இரண்டு பன்னாட்டுக் கம்பெனிகளே இதில் கொடிகட்டிப் பறந்தன. 2021 ஜூனில் மெட்ரானிக் தன் பம்பின் விற்பனையை நிறுத்தியது. அதன் பிறகு சந்தையில் பெரும்பங்கு அபாட் கம்பெனியின் கையில். ஊருக்கு ஒரே கடை என்றால் கடைக்காரன் சொன்னதுதானே விலை! இங்கே அந்தப் பம்பு பல பத்து லட்சம் ரூபாய். தறி ஓட்டுபவன் ஆயுள் முழுதும் உழைத்தாலும் எட்டாத தொகை. “வாங்கிக்கொள்” என்றால், “வாங்க முடியாதவன் சாகட்டும்” என்றுதானே அர்த்தம்?

நம்மால் செய்ய முடியாதா? திருவனந்தபுரத்தைப் பாருங்கள்! அங்கே பொதுப் பணத்தில் நடக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்தில், டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இருதய வால்வு ஆராய்ச்சி நடந்தது. முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. நீலக்கல்லில் செய்த தட்டு உடைந்தது. லாபக் கணக்குப் பார்க்கும் முதலாளியாக இருந்தால் அன்றே கதவைச் சாத்தியிருப்பான். விஞ்ஞானிகள் விடவில்லை, நான்காவது மாதிரி ஜெயித்தது. 1990 டிசம்பர் 6-ல் முதல் நோயாளிக்குப் பொருத்தினார்கள். இறக்குமதி வால்வைவிட மலிவான அந்த வால்வு லட்சம் பேருக்கு மேல் பொருத்தப்பட்டுவிட்டது.

வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சல், நெருக்கியடித்து வாழும் ஏழைக் குடியிருப்புகளில்தான் அதிகம். அந்த வால்வை இருதயத்தோடு சேர்த்துத் தைக்கும் வளையமோ பாலியெஸ்டர் துணி! நோயும் நமது, நூலும் நமது. ஆராய்ச்சி மட்டும் நமக்கு அந்நியமா?

மருத்துவக் கருவிகளில் டாக்டர் பட்ட ஆராய்ச்சியை ஸ்ரீ சித்திரை, சென்னை ஐ.ஐ.டி., வேலூர் சி.எம்.சி. மூன்றும் கூட்டாக நடத்துகின்றன. கான்பூர் ஐ.ஐ.டி. இருதயப் பம்பையே உருவாக்க முனைந்திருக்கிறது. ஆனால் ஐந்தாறு வருஷம் வீட்டுக்குச் சம்பாதிக்காமல் படிக்க எந்த நெசவாளி பிள்ளையால் முடியும்? தேசியத் தேர்வில் தேறியவருக்கான மாத உதவித்தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய் ஆனது. மாணவர்கள் தெருவில் இறங்கிய பிறகே இந்த உயர்வும் வந்தது. பணம் மாதக்கணக்கில் வருவதில்லை என்ற குமுறலோ ஓயவில்லை. சிறுபான்மை மாணவருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-ல் மத்திய சர்க்கார் அடியோடு நிறுத்தியது. ஏணியை உருவிவிட்டு “ஏறி வா” என்பது என்ன நியாயம்?

ஆகவே நாம் கோருவது:

1. ஆராய்ச்சி உதவித்தொகையை மாதந்தோறும் தவறாமல் கொடு!

2. நிறுத்திய உதவித்தொகையைத் திரும்பக் கொண்டு வா!

3. பொதுப் பணத்தில் பிறக்கும் கருவியைச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் இலவசமாகப் பொருத்து!

தொழிலாளத் தோழர்களே! போனஸ், கூலி கேட்கும் சங்கக் கூட்டங்களில் இந்தக் கோரிக்கைகளையும் எழுப்புங்கள். படிக்கிற பிள்ளையைத் தறிக்குழிக்கு இழுக்காதீர்கள். ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் தட்டச் சொல்லுங்கள்!